97 எக்ஸ்: ஒரு சிறிய வானொலியின் வரவு செலவு

பொங்கல் விழாவுக்கு நம் குடியிருப்பின் நடுவே ஒலிபெருக்கி கட்டுகிறோம். பத்துப் பேர் கேட்டாலும், எல்லா பிளாக்கிலிருந்தும் பால்கனிக்கு வந்து நின்று கேட்டாலும், மைக் செட்காரருக்குக் கொடுக்கும் வாடகை மாறாது. கோடையில் தண்ணீர் லாரி வரவழைக்கிறோம். அங்கே கதை வேறு. வீடு கூடினால் லோடு கூடும், லோடு கூடினால் பில் கூடும். இந்த இரண்டு கணக்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த இதழில் நான் சொல்லப் போவது, ஒலிபெருக்கிக் கணக்கில் பிறந்து, தண்ணீர் லாரிக் கணக்கில் போய் மாட்டிக்கொண்ட ஒரு வானொலி நிலையத்தின் வரலாறு.

உங்களில் பலர் காலை நடையின்போது காதில் கருவியை மாட்டிக்கொண்டு போனில் இணைய வானொலி கேட்கிறீர்கள். காசு கொடுப்பதில்லை. பழைய நாளில் ரேடியோ வைத்திருக்கத் தபால் நிலையத்தில் லைசென்ஸ் கட்டியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்; அவர்களுக்கு இது இலவசம் என்றுதான் தோன்றும். நீங்கள் கேட்கிற ஒவ்வொரு பாட்டுக்கும் எங்கோ ஒருவர் பில் கட்டிக்கொண்டிருக்கிறார். அவர் எவ்வளவு நாள் கட்டுவார் என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு என்று ஒரு சிற்றூர். இங்கிலாந்து ஆக்ஸ்ஃபோர்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 1809-இல் நிறுவப்பட்ட ஒரு பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. அதன் பெயர் மயாமி பல்கலைக்கழகம். புளோரிடா கடற்கரை மயாமிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சின்சினாட்டி என்ற பெரிய நகரம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தள்ளி. மாணவர்கள் இருக்கும்போது ஊர் நிறைந்திருக்கும், விடுமுறை விட்டால் காற்று வாங்கும்.

இந்த ஊரின் 97.7 எஃப்.எம். நிலையத்தை 1981-இல் டக், லிண்டா என்ற கணவனும் மனைவியும் வாங்கினார்கள். 1983-இல் நிலையத்தின் பாணியையே மாற்றினார்கள். பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டையே திருப்பித் திருப்பிப் போடுவதை விட்டுவிட்டு, மற்ற நிலையங்கள் தொடாத புதிய ராக் குழுக்களின் பாட்டுகளைப் போட ஆரம்பித்தார்கள். அந்த வகை இசைக்கென்றே நிலையம் நடத்தியவர்கள் அன்றைய அமெரிக்காவில் மிகச் சிலர். நிலையத்தின் அரசு அழைப்பெழுத்து டபிள்யூ.ஓ.எக்ஸ்.ஒய். (மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே உள்ள நிலையங்களுக்குப் பெரும்பாலும் டபிள்யூவில்தான் பெயர் தொடங்கும், மேற்கே என்றால் கே.) ஆனால் எல்லோரும் அழைத்த பெயர் 97 எக்ஸ்.

சக்தி குறைந்த டிரான்ஸ்மிட்டர். சின்சினாட்டியின் பல பகுதிகளில் சரியாக எடுக்காது. ஏரியலைத் திருப்பித் திருப்பி வைத்து இலங்கை வானொலி கேட்ட தலைமுறைக்கு அந்தப் பாடு புரியும். எடுக்காத நிலையத்தை முயன்று பிடித்துக் கேட்பவர்களுக்கு அதன் மேல் ஒரு தனிப் பாசம் வரும். 97 எக்ஸுக்கும் அப்படித்தான் ஆனது. மே மாதக் கடைசியில் அமெரிக்கர்கள் போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நீண்ட வாரவிடுமுறை ஒன்று உண்டு. அந்த நாட்களில் 500 பாட்டுகளை வரிசைப்படுத்தி இந்த நிலையம் ஒலிபரப்பும். கேட்பவர்கள் அந்த வரிசைக்காகக் காத்திருப்பார்கள், வரிசை சரியில்லை என்று சண்டையும் போடுவார்கள்.

நீங்களே அறியாமல் இந்த நிலையத்தின் பெயரைக் கேட்டிருக்கலாம். 1988-இல் வந்த 'ரெயின் மேன்' படம் பார்த்தவர்கள் நினைவுபடுத்திப் பாருங்கள். டஸ்டின் ஹாஃப்மன் நடித்த ரேமண்ட், காரில் போகும்போது ரேடியோவில் வந்த ஒரு விளம்பர வாசகத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் திருப்பித் திருப்பிச் சொல்வார். அது இந்த 97 எக்ஸ் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட வாசகம்தான். சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய படத்தில், ஒரு சிற்றூர் நிலையத்தின் பெயர்.

இது வரைக்கும் ஒலிபெருக்கிக் கணக்கு. டிரான்ஸ்மிட்டர் மின்சாரம், அறிவிப்பாளர் சம்பளம், கட்டட வாடகை எல்லாம் நிலையான செலவு. கேட்பவர் 500 பேரோ 50,000 பேரோ, அது அசையாது. கேட்பவர் கூடினால் விளம்பரக் கட்டணத்தைக் கொஞ்சம் உயர்த்தலாம். ஆகவே கூட்டம் சேர்ந்தால் லாபம். பி.காம். முதல் வருஷப் பாடம்.

பிறகு 1996 வந்தது. அந்த ஆண்டு அமெரிக்கா ஒரு புதிய தொலைத்தொடர்புச் சட்டம் போட்டது. அதற்கு முன் ஒரே நிறுவனம் நாடு முழுவதும் இத்தனை நிலையங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று வரம்பு இருந்தது. சட்டம் அந்த வரம்பை எடுத்துவிட்டது. டெக்சாஸின் கிளியர் சேனல் என்ற நிறுவனம் சில ஆண்டுகளில் 1,000 நிலையங்களுக்கு மேல் சேர்த்துவிட்டது. பெரியவர்கள் போட்டி போட்டு வாங்கியதில் அலைவரிசைகளின் விலை ஏறியது. நம் ஊரில் பைபாஸ் வந்ததும் சாலையோரப் பெட்டிக்கடையின் நிலம் கோடிக்குப் போகிறதே, அதே கதை. கடை தரும் வருமானம் பழையபடிதான். நிலத்தின் விலை மட்டும் எங்கோ போய்விட்டது. அப்படி ஒரு நிலை வந்தால், கடையை எவ்வளவு நேசித்தாலும், ஒரு நாள் விற்கத்தான் தோன்றும்.

2004 ஜனவரியில் விற்பனை அறிவிப்பு வந்தது. வாங்கியது டல்லாஸைச் சேர்ந்த ஒரு முதலீட்டு நிறுவனம், விலை சுமார் 56 லட்சம் டாலர். அவர்கள் வாங்கியது அலைவரிசையை. பாட்டுகளோ, ஊழியர்களோ, கேட்பவர்களோ அவர்களுக்குத் தேவைப்படவில்லை. சிற்றூரின் அலைவரிசையைப் பெரிய நகரத்தின் பக்கம் நகர்த்தி மதிப்பைக் கூட்டுவது அந்தத் துறையில் அறிமுகமான வியாபாரம். விற்றவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இருபது வருஷத்துக்கு மேல் நடத்தியவர்கள் அவர்கள். அந்த விலை தினமும் வந்து கதவைத் தட்டாது.

நிலையத்தின் பெயரும் இணைய ஒலிபரப்பும் விற்பனையில் சேரவில்லை. ஆகவே ஊழியர்கள் ஒரு முடிவெடுத்தார்கள். எஃப்.எம். போனால் போகட்டும், இணையத்தில் மட்டும் நடத்துவோம் என்று.

அந்த யோசனை அன்று எவ்வளவு இயல்பாகத் தோன்றியிருக்கும் என்று புரிய, பத்து வருஷம் பின்னால் போக வேண்டும். 1993-இல் கார்ல் மலமுட் என்பவர் இணையத்தில் பேச்சு நிகழ்ச்சிகளைக் கோப்புகளாக வெளியிட்டார். 1994 நவம்பரில் வட கரோலினாவின் ஒரு மாணவர் வானொலி தன் ஒலிபரப்பை நேரடியாக இணையத்தில் விட்டது. 1995-இல் ரியல் ஆடியோ மென்பொருள் வந்தபின், சாதாரண டெலிபோன் மோடம் வைத்திருப்பவரும் தூரத்து ஊர் வானொலியைக் கேட்க முடிந்தது. கரகரப்பும் தடங்கலும் இருந்தாலும் கேட்க முடிந்தது. ஏரியல் வேண்டாம், அலைவரிசை லைசென்ஸ் வேண்டாம், டிரான்ஸ்மிட்டர் வேண்டாம். ஒரு கம்ப்யூட்டரும் இணைப்பும் இருந்தால் உலகமே கேட்கும். சின்சினாட்டியில் சரியாக எடுக்காத நிலையம் லண்டனில் தெளிவாகக் கேட்கும். யாருக்குத்தான் ஆசை வராது?

2004 மே 13 அன்று எஃப்.எம். ஒலிபரப்பு முடிந்தது. இணையத்தைத் தொடரத் தேவையான பணம் அதற்குள் சேரவில்லை. இரண்டு மாதத்துக்கு மேல் மௌனம். பிறகு முதலீட்டாளர்கள் கிடைத்து, ஜூலை 23 அன்று இணைய நிலையமாக மறுபிறவி எடுத்தது. சம்பளம் வாங்கும் அறிவிப்பாளர்கள் நேரடியாகப் பேசினார்கள். சுற்றுப்பயணம் வரும் இசைக்குழுக்களை ஸ்டூடியோவுக்கு அழைத்து உட்கார்ந்து பாட வைத்தார்கள். கம்ப்யூட்டர் வரிசைப்படி ஓடும் வெறும் பாட்டுப் பெட்டியாக அது இருக்கவில்லை. ஒரு முழு வானொலி நிலையம், டிரான்ஸ்மிட்டர் மட்டும் இல்லை.

இங்கேதான் தண்ணீர் லாரி வருகிறது.

இணைய வானொலியில் ஒலி காற்றில் பரவுவதில்லை. கேட்கும் ஒவ்வொருவருக்கும் சர்வரிலிருந்து ஒரு தனிக் குழாய் போகிறது. ஆயிரம் பேர் கேட்டால் ஆயிரம் குழாய். ஒருவருக்கு விநாடிக்கு 128 கிலோபிட் என்றால் ஆயிரம் பேருக்கு 128 மெகாபிட், அதற்கு ஏற்ற கட்டணம். இந்தச் செலவு வருஷா வருஷம் குறைந்துகொண்டு வந்தது என்பது ஒரு ஆறுதல். குறையாத செலவு ஒன்று இருந்தது. அதைச் சற்று விளக்க வேண்டும்.

ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. எழுதி இசையமைத்தவரின் உரிமை ஒன்று. அதைப் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவின் உரிமை இன்னொன்று. அமெரிக்காவில் எஃப்.எம். நிலையம் முதல் உரிமைக்கு மட்டும் பணம் கட்டினால் போதும். பாடகருக்கும் ரெக்கார்டு கம்பெனிக்கும் ஒரு காசு தர வேண்டாம். ரேடியோவில் பாட்டு வந்தால் ரெக்கார்டு விற்கும், அதுவே அவர்களுக்குக் கூலி என்பது பழைய வாதம். ஒலிபரப்பாளர்களின் செல்வாக்கும் அந்த ஏற்பாட்டைக் காப்பாற்றி வந்தது. ஆனால் 1995-லும் 1998-லும் வந்த சட்டங்கள், டிஜிட்டல் ஒலிபரப்புக்கு இரண்டாவது உரிமைக்கும் கட்டணம் உண்டு என்றன. ஆகவே அதே பாட்டை, அதே அறிவிப்பாளர், எஃப்.எம்.மில் போட்டால் ஒரு கட்டணம், இணையத்தில் போட்டால் இரண்டு.

பாடகருக்குப் பணம் போகக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். வசூலாகும் தொகையில் பாதி ஒலிப்பதிவின் உரிமையாளருக்கும், 45 சதவீதம் முதன்மைக் கலைஞருக்கும், 5 சதவீதம் உடன் வாசித்தவர்களுக்கும் போகிறது. அது நியாயமான ஏற்பாடுதான். பெரிய டிரான்ஸ்மிட்டர் வைத்திருப்பவனை விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் வைத்திருப்பவனிடம் மட்டும் வாங்கியதுதான் எனக்கு உறுத்துகிறது.

வீதம் எவ்வளவு? 2002 ஜூனில் அதை அறிவித்தவர், கேட்டால் சிரிப்பீர்கள், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தலைவர். காப்புரிமை அலுவலகம் அந்த நூலகத்தின் கீழ் வருவதால் அந்த அதிகாரம் அவரிடம். ஒரு பாட்டுக்கு, கேட்கும் ஒரு ஆளுக்கு, 0.07 சென்ட். 1998 அக்டோபரிலிருந்து முன்தேதியிட்டுக் கட்ட வேண்டும். நான்கு வருஷ பாக்கியை மொத்தமாகக் கட்டு என்று எங்கள் வங்கியில் ஒரு சிறு கடைக்காரருக்கு நோட்டீஸ் போயிருந்தால் மறுநாளே கடையைப் பூட்டியிருப்பார். அங்கேயும் பல நிலையங்கள் பூட்டின. 1995-லேயே இணையத்துக்கு வந்துவிட்ட கலிஃபோர்னியாவின் கே.பிக் நிலையம்கூட இணைய ஒலிபரப்பை நிறுத்தியது. அந்த வருஷ முடிவில், சிறிய நிலையங்கள் வருமானத்தில் ஒரு குறிப்பிட்ட பங்கைக் கட்டினால் போதும் என்று தற்காலிகச் சலுகைச் சட்டம் வந்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு வந்தது.

அந்த 0.07 சென்ட் தம்மாத்துண்டு தொகை என்று தோன்றும். பென்சிலை எடுங்கள். மணிக்கு 15 பாட்டு என்று வைத்துக்கொள்வோம். 24 மணி நேரம், 365 நாள் என்றால் வருஷத்துக்கு 1,31,400 பாட்டு. எந்நேரமும் சராசரியாக 1,000 பேர் கேட்கிறார்கள் என்று வையுங்கள். 0.07 சென்ட் வீதம் வருஷத்துக்கு 91,980 டாலர். 2007 மார்ச்சில் இன்னொரு தீர்ப்பு வந்தது. 2006-க்கு 0.08 சென்ட், 2007-க்கு 0.11, அடுத்து 0.14, 0.18, 2010-க்கு 0.19. கடைசி வீதத்தில் அதே 1,000 பேருக்கு 2,49,660 டாலர். இது உதாரணக் கணக்குதான். எந்த ஒரு நிலையத்தின் பேரேடும் அல்ல. சலுகையில் வந்தவர்கள் இதைவிடக் குறைவாகக் கட்டினார்கள். ஆனால் சலுகைக்கு வருமான வரம்பு உண்டு, காலக்கெடுவும் உண்டு. வளர்ந்தால் சலுகை போய்விடும் என்கிற நிலையில் எந்த முதலாளி துணிந்து வளர்ப்பான்? 2007 ஜூன் 26 அன்று பல இணைய நிலையங்கள் ஒரு நாள் முழுவதும் மௌனம் காத்து எதிர்ப்புத் தெரிவித்தன.

எஃப்.எம்.மில் ஆயிரமாவது ஆள் ரேடியோவைத் திருப்பினால் நிலையத்துக்குச் செலவு பூஜ்யம். இணையத்தில் ஆயிரமாவது ஆள் வந்தால் ஆயிரமாவது பில் வருகிறது. அவரிடமிருந்து வரவு வருகிறதா என்றால், அதிலும் சிக்கல். எஃப்.எம். காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு பீட்சா கடைக்காரர் விளம்பரம் கொடுப்பார். கேட்பவர் மாலையில் அந்தக் கடைக்கு வருவார். இப்போது கேட்பவர் லண்டனிலும் சியாட்டிலிலும் இருக்கிறார். பீட்சா கடைக்காரருக்கு அவரால் என்ன பயன்? உலகம் முழுக்க ரசிகர்கள் கிடைத்தார்கள், உள்ளூர் விளம்பரதாரர் கை நழுவினார்.

2006 செப்டம்பர் 15 அன்று பணம் தீர்ந்து ஒலிபரப்பு நின்றது. ஒரே மாதத்தில் லாலா என்ற நிறுவனம் வந்து வாங்கியது. கலிஃபோர்னியாவில், கேட்டு முடித்த சி.டி.க்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ள வழி செய்து தொழிலைத் தொடங்கிய நிறுவனம் அது. நல்ல இசை அறிந்தவர்கள் கூடும் நிலையம் தங்கள் வியாபாரத்துக்கு உதவும் என்று கணக்குப் போட்டார்கள். நிலையம் சின்சினாட்டியில் இருந்தபடியே மீண்டும் ஒலித்தது. லாலாவின் தொழிலே பின்னர் மாறிவிட்டது, சி.டி. மாற்றுவதை விட்டு, இணையத்தில் பாட்டு விற்கப் போனது. 2009-இல் நிலையம் ஃபியூச்சர் சவுண்ட்ஸ் என்ற இன்னொரு நிறுவனத்தின் கைக்குப் போய், செப்டம்பரில் டெக்சாஸின் ஆஸ்டின் நகருக்குக் குடிபெயர்ந்தது. ஆஸ்டின் இசைக்குப் பேர்போன ஊர். அங்கே மார்ச் மாதம் பெரிய இசை விழா நடக்கும். 2010 விழா மார்ச் 21 அன்று முடிந்தது. 23 அன்று நிலையம் நின்றது. நடத்தப் பணமில்லை என்று அறிவித்தார்கள். ஒஹாயோவை விட்டு அவ்வளவு தூரம் வந்த ஊழியர்களுக்கு அந்த ஊரில் ஒரு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை.

லாலா என்ன ஆனது என்று கேட்பீர்கள். 2009 டிசம்பரில் ஆப்பிள் அதை வாங்கி, 2010 மே மாதக் கடைசியில் மூடியது.

பல கட்டுரைகள் இந்த நிலையத்தை 'மூன்று முறை செத்துப் பிழைத்தது' என்ற ரீதியில் உருக்கமாக எழுதும். வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் பேரேடு பார்த்தவனுக்கு அப்படித் தோன்றவில்லை. 2004-இல் வந்ததும் மூலதன வரவு, 2006-இல் வந்ததும் மூலதன வரவு, 2009-இல் வந்ததும் மூலதன வரவு. சம்பளமும் ராயல்டியும் சர்வர் வாடகையுமோ மாதா மாதம் வரும் வருவாய்ச் செலவு. யாரோ ஒருவர் போட்ட முதல் கரைகிற வரைக்கும் நிலையம் பாடியது, கரைந்ததும் நின்றது. கேட்பவர்களின் அன்பில் எந்தக் குறையும் இல்லை. அது பேரேட்டின் வரவுப் பக்கத்துக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

வந்து சேரும்படி செய்தவர்களும் இருக்கிறார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் 2000-இல் தொடங்கிய சோமா எஃப்.எம். என்ற இணைய வானொலி 2002 ஜூன் அறிவிப்போடு நின்றுபோய், அந்த வருஷக் கடைசியில் திரும்பி வந்தது. விளம்பரம் கிடையாது. கேட்பவர்கள் விரும்பித் தரும் நன்கொடைதான் வருமானம், நம் பராமரிப்புக் கட்டணம் மாதிரி (கட்டாதவர்கள் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டும் வசதி மட்டும் அவர்களுக்கு இல்லை). நாள் முழுக்கப் பேசும் அறிவிப்பாளர்களை வைத்துக்கொள்ளாமல் செலவைச் சுருக்கிக்கொண்டார்கள். அது இன்றும் ஓடுகிறது. மாறாக, ஆயிரக்கணக்கான குட்டி நிலையங்களுக்கு இடம் கொடுத்துவந்த லைவ்365, சிறியவர்களுக்கான சலுகை 2015 முடிவில் காலாவதியானதும், முதலீட்டாளர்களும் விலகிக்கொள்ள, 2016 ஜனவரி 31 அன்று மூடிற்று. அதில் குடியிருந்த குட்டி நிலையங்களுக்கு அன்றோடு இடமில்லாமல் போனது. வேறொருவர் வாங்கி அடுத்த வருஷம் அதைத் திறந்தார்.

ஆக, 97 எக்ஸ் செலவைச் சுருக்கியிருந்தால் பிழைத்திருக்குமா? பிழைத்திருக்கலாம். ஆனால் நேரடியாகப் பேசும் அறிவிப்பாளரும், ஸ்டூடியோவில் வந்து பாடும் குழுவும் இல்லாத 97 எக்ஸை அதன் ரசிகர்கள் தேடி வந்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான். அவர்கள் பாட்டுக்காக மட்டும் வரவில்லை.

டல்லாஸ்காரர்கள் வாங்கிய 97.7 அலைவரிசை ஆக்ஸ்ஃபோர்டை விட்டு சின்சினாட்டிக்கு அருகிலுள்ள மேசன் என்ற ஊருக்கு நகர்ந்தது. பிறகு அது ஸ்பானிஷ் மொழிப் பாட்டுகள் போடும் நிலையம் ஆனது. அரசுப் பதிவேட்டில் அதன் அழைப்பெழுத்து மட்டும் அதே டபிள்யூ.ஓ.எக்ஸ்.ஒய்.